"வந்து கூட்டிட்டுப் போங்க"

என் மகனுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. கோத்தகிரி பக்கம் எங்கள் ஊர். முதலில் சேர்த்த பள்ளியிலிருந்து வாரத்தில் இரண்டு மூன்று நாள் போன் வந்துவிடும். "வந்து கூட்டிட்டுப் போங்க." தேயிலைக் கொழுந்து பறிப்பதைப் பாதியில் விட்டு ஓடுவேன். அவன் அழுவதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்டால், "அடம் பிடிக்கிறான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இப்போது படிக்கும் அரசுப் பள்ளியில் டீச்சர் முதல் நாளே ஒரு நோட்டைக் கொடுத்தார். "இவனுக்கு எது ஆகாது, எது இருந்தா அமைதியாவான், ஒரு பக்கம் எழுதிட்டு வாங்கம்மா." அதுவரை என்னிடம் யாருமே இதைக் கேட்டதில்லை. அன்று ராத்திரி வீடே கூடி உட்கார்ந்து எழுதினோம். கம்பளி ஸ்வெட்டர் கழுத்தில் பட்டால் துடித்துப்போவான். தகரக் கூரையில் மழை விழுந்தால் காதைப் பொத்திக்கொள்வான். மழை விஷயத்தைக் கவனித்துச் சொன்னது என் மாமியார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது: பழைய பள்ளியில் அவன் 'அடம் பிடித்த' நாட்களில் பாதி, ஐப்பசி மழை நாட்கள். அந்த வகுப்புக்குத் தகரக் கூரை.

இங்கே மழை வலுத்தால் அவனைத் தளம் போட்ட அறைக்கு மாற்றிவிடுகிறார்கள். ஸ்வெட்டருக்குப் பதில் உள்ளே இரண்டு பருத்திச் சட்டை. அவ்வளவுதான். கூட்டிப் போகச் சொல்லி போன் வருவது அநேகமாக நின்றுவிட்டது.

தெரபிக்காக மலையிறங்கி கோவைக்குப் போகிறோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி. அங்கே அவனைப் பார்ப்பது ஒரு மணி நேரம்கூட இல்லை. கல்வித்துறையின் வட்டார வள மையத்திலிருந்து பள்ளிக்குச் சிறப்பாசிரியர் வரும் நாளில் என்ன சொல்லித்தந்தார் என்பதும் அந்த நோட்டில் ஏறிவிடும். 'தண்ணி', 'வலிக்குது', 'போதும்' என்று வகுப்பில் இருக்கும் அதே படங்கள் எங்கள் அடுப்படிச் சுவரிலும் இருக்கின்றன. இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி இருந்ததால்தான் 'போதும்' படத்தைத் தொட்டுக்காட்டக் கற்றுக்கொண்டான். நான் அன்று அழுதுவிட்டேன்.

ஊரிடம் சொல்லத்தான் எனக்கு மனம் வரவில்லை. மறைத்தே வைத்திருந்தேன், அது தப்பு. இவன் சத்தமில்லாமல் கிளம்பிப் போய்விடுவான். தேயிலைக்குள் காட்டெருமையும் கரடியும் நிற்கிற ஊர் இது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் டீச்சர் பக்கத்தில் இருக்க, நானே எழுந்து சொன்னேன். இப்போது டீக்கடை அண்ணனுக்கும் மினி பஸ் கண்டக்டருக்கும் கொழுந்து லாரி டிரைவருக்கும் தெரியும்: கத்தக் கூடாது, கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, கூடவே நின்று எனக்கு போன் செய்ய வேண்டும். இரண்டு முறை அப்படித்தான் கிடைத்தான்.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. பிள்ளையின் தேவைக்கேற்ற வசதியைப் பள்ளி செய்து தர வேண்டும் என்றும் இருக்கிறது. பெற்றோர்களே, கூட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், பேசுங்கள். ஆசிரியர்களே, போனை எடுப்பதற்கு முன் அந்த வீட்டாரிடம் ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள்.

குன்னூர், கூடலூர், குந்தா பக்கம் இதே நிலையில் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் வாங்க. எங்கள் நோட்டின் முதல் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.