முகூர்த்தத்துக்கு நேரமாச்சு என்று வண்டியை விரட்டாதீங்க

போன வைகாசியில் தாராபுரத்தில் ஒரு கல்யாணம். காலை 7.30க்கு முகூர்த்தம். ஈரோட்டில் இருந்து அஞ்சு மணிக்கே நேரமே கிளம்பிவிடலாம் என்று ராத்திரி பேசி வைத்திருந்தோம். மொய்க் கவரில் பேர் எழுதவில்லை, சின்னவனுக்கு ஒரு கால் செருப்பைக் காணோம், மோட்டார் ஆஃப் பண்ணினோமா என்று பாதித் தெருவில் இருந்து ஒருமுறை திரும்பி வந்தோம். வண்டி கிளம்பும்போது மணி 6.10.

அறச்சலூர் தாண்டும்போதே நான் வேறு ஆளாகிவிட்டேன். முன்னால் சோளத்தட்டு ஏற்றின டிராக்டர் ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு போகிறது, எதிரே பஸ் மேல பஸ்ஸாக வருகிறது, கையை ஹாரனில் இருந்து எடுக்கவே இல்லை. ஊதியூர்ப் பக்கத்தில் பால் கேனோடு டிவிஎஸ்ஸில் வந்த பெரியவர் ஒருத்தர் சட்டென்று குறுக்கே திரும்ப, கண்ணாடியை இறக்கி அவரை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அவருக்கு என் அப்பா வயசு இருக்கும். ஒன்றும் சொல்லாமல் கேனை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். கண்ணாடியை ஏற்றிவிட்டு ரியர்வியூ கண்ணாடியைப் பார்த்தால், பின் சீட்டில் என் மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எட்டு வயசு. "கார்ல வந்தா மட்டும் உங்களுக்கு ஏனுங்கப்பா இப்படிக் கோவம் வருது?" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை.

மண்டபத்துக்குப் போனபோது தாலி கட்டி முடிந்திருந்தது. பன்னீர் தெளித்தார்கள், சந்தனம் கொடுத்தார்கள், "வாங்க, முதல்ல சாப்பிடப் போங்க" என்றார்கள். ஏன் நேரமாச்சு என்று ஒரு ஆள் கேட்கவில்லை. யாருமே கேட்காத அந்த இருபத்தஞ்சு நிமிஷத்துக்காகத்தான் நாலு பேர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறோம். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் துணிமணி, மொய்க் கவர், தண்ணி பாட்டில் எல்லாம் ராத்திரியே வண்டிக்குப் போய்விடும். காற்றும் டீசலும் முந்தின நாளே. நேரம் ஆகிவிட்டால் ஆகிவிட்டது, போனவுடன் சாப்பாட்டுப் பந்திக்குப் போய்க்கொள்ளலாம். இன்னொன்றும் உறவுக்காரர்களிடம் சொல்ல வேண்டும். "எங்க வர்றீங்க, எங்க வர்றீங்க" என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போன் போடாதீங்க. அக்கறையில்தான் கேட்கிறீர்கள், ஆனால் ஓட்டுகிறவனுக்கு அந்த ஒவ்வொரு போனும் ஆக்ஸிலரேட்டரில் ஒரு மிதி. இப்போது என் போன் மனைவி கையில்தான் இருக்கும்.

லீவில் வால்பாறை போனோம். ஆழியாறில் இருந்து 40 கொண்டை ஊசி வளைவு. என் அத்தையும் கூட வந்தார், ஏறின நேரத்தில் இருந்து "மெதுவா சாமி, மெதுவா" தான். முன்பெல்லாம் இதைக் கேட்டாலே எனக்குச் சுருக்கென்று இருக்கும், ஓட்டத் தெரியாதவன் என்று சொல்கிற மாதிரி. யோசித்துப் பார்த்தால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. நான் அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. பயம் அங்கிருந்துதான் வருகிறது. அதனால் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். "இந்த பஸ் இறங்கட்டும்ங்க அத்தை, அப்புறம் திருப்பறேன்", "பின்னால வர்றவன் அவசரப்படறான், அவனை விட்டுடலாம்". ஒன்பதாவது வளைவில் ஆழியாறு அணையைப் பார்க்க நிறுத்தினபோது அத்தை தானே இறங்கி வந்து, அங்கே பாறையில் நின்ற வரையாட்டைப் பேரனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

சின்னவனுக்கு மலை ஏறினால் வாந்தி. அதற்கு அவனைத் திட்டுகிறவர்கள் உண்டு, நானும் திட்டியிருக்கிறேன். கண் செல்போனில் அசையாத படத்தைப் பார்க்கிறது, உள்காது வண்டி வளைவதை உணர்கிறது, இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டுகிறது. பிள்ளை மேல் தப்பே இல்லை. செல்லை வாங்கி வைத்தோம், பூரிக்குப் பதில் ரெண்டு இட்லி, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டு வளைவுப் பலகைகளை எண்ணச் சொன்னோம். இந்தத் தடவை வாந்திக் கவர் தேவைப்படவில்லை. பெல்ட் மட்டும் அவன் எவ்வளவு அழுதாலும் கழற்றுவது கிடையாது. 14 வயசுக்குக் கீழே பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லை என்றால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2019 சட்டத் திருத்தத்திலேயே இருக்கிறது, ஆனால் நான் அபராதத்துக்காகச் சொல்லவில்லை.

மலையில் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழி விட வேண்டும். விதியே அதுதான். இதில் நீயா நானா என்று முறைக்க ஒன்றுமில்லை. செகண்ட் கியரில் இறங்கினால் பிரேக்கும் சூடேறாது, நமக்கும் சூடேறாது.

ஆண்களுக்கு ஒன்று. நம் ஊரில் பெண்கள் ஸ்கூட்டியில் திருப்பூர் டவுன் முழுக்கச் சுற்றி வருகிறார்கள், கார் சாவியை மட்டும் நாம் தருவதில்லை. தந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே "பாரு, பிடி, விடு" என்று உயிரை எடுக்கிறோம். நாலு மணி நேரம் ஒருத்தரே ஓட்டினால் கோபம் வராமல் என்ன செய்யும்? மாற்றி ஓட்டினாலே பாதி எரிச்சல் போய்விடும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை குலதெய்வக் கோயிலுக்குப் போகிறோம். காங்கயம் வரைக்கும் மனைவி ஓட்டுவார், அங்கே டீ குடித்துவிட்டு நான். ஊதியூரில் அந்தப் பால்காரப் பெரியவரை விசாரித்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். கிடைத்தால் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும், மகளும் கூட இருக்கும்போதே.