எதற்கு இது என்று கேட்பவர்களுக்கு

பெங்களூர் கப்பன் பார்க்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் புரோகிராம் எழுதும் தமிழர்கள் கூடுகிற நம் கூட்டத்தில் எடுத்த அந்த வீடியோவை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். யாரையும் பேர் சொல்லி இழுக்கப் போவதில்லை. ஆனால் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் பலர் என் நட்பில் இருக்கிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

வீடியோவில் இருக்கும் பெரியவர், ஓய்வு பெற்ற பிறகு பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொண்டவர். வெண்பாவில் தளை, அதாவது சீருக்குச் சீர் இருக்க வேண்டிய கட்டு, தட்டுகிறதா என்று பார்க்கும் புரோகிராமை மாதக்கணக்கில் எழுதிக் கொண்டுவந்து காட்டினார். தம்பி ஒருவர் அதையே போனில் ஏஐயிடம் கேட்டு வாங்கி, "இதுக்கா சார் இவ்வளவு நாள்?" என்று அவர் முன்னால் நீட்டி, அவர் முகம் போன போக்கை வீடியோவும் எடுத்தார்.

அவர் வேகப் போட்டிக்கு வரவில்லை. தெரிந்துகொள்ள வந்தார்.

‘மொழி’ நமக்கு இரண்டு எழுத்து. பைத்தானிடம் நீளம் கேட்டால் நான்கு என்று சொல்லும். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் ஒகரக் குறியும் இகரக் குறியும் தனித்தனியாகக் கணக்காகும். அவற்றைச் சேர்த்து, குறில் நெடில் பார்த்து, நேர் நிரை என்று அசை பிரித்து வந்தால் ஐகாரம் வழிமறிக்கும். சொல்லின் முதலில் வந்தால் நெடிலாக அலகு பெறும். நடுவிலும் கடைசியிலும் குறுகிவிடும். அவருடைய புரோகிராம் நல்ல வெண்பாவையெல்லாம் தப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தது இதனால்தான். அதைக் கண்டுபிடித்த அன்று எனக்குப் போன் செய்து விளக்கினார். அந்தச் சந்தோஷத்தை நான் எந்த ஆபீஸிலும் பார்த்ததில்லை. தம்பி வாங்கிய புரோகிராமில் ஐகாரம் என்ன ஆகிறது என்று தம்பிக்குத் தெரியுமா?

"அவலோகிதம் ஏற்கெனவே இருக்கிறதே" என்று ஒரு கமெண்ட். செய்யுளின் யாப்பை அலசிச் சொல்லும் மென்பொருள் அது. இருக்கிறது. பெரியவர் தன் விடைகளைச் சரிபார்த்ததே அதை வைத்துத்தான்.

"நீ ஏஐக்கு எதிரி" என்று இன்னொன்று. இல்லை. ஆபீஸில் தினமும் அதோடுதான் என் வேலை. அது ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் யாருக்கும் டெட்லைன் கிடையாது.

"எதற்குப் பயன்?" என்று கேட்டவர்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ், இன்று உலகத்துச் சர்வர்களில் பெரும்பாலானவை ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தைப் பற்றி முதலில் அறிவித்தபோது, இது வெறும் பொழுதுபோக்கு என்றுதான் எழுதினார். 2024இல், கோப்புகளைச் சுருக்க மற்ற புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் எக்ஸ்இசட் என்ற சிறிய லைப்ரரிக்குள் திருட்டுக் கதவு வைத்திருந்ததைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை வினாடி தாமதமாவது ஏன் என்று தோண்டிப் பார்த்தவர் அவர். அதைத் தேடச் சொல்லி யாரும் அவரை அனுப்பவில்லை. அரை வினாடிதானே என்று அவர் விட்டிருந்தால் எத்தனை சர்வர்கள் போயிருக்கும்! பெரியவரும் அந்த மாதிரி ஆள்தான். ஒரு ஐகாரத்தை விட மாட்டார்.

பொதுவில் காட்டினால் விமர்சனம் வரும் என்கிறீர்கள். அவர் எழுதிய புரோகிராமைப் படித்துவிட்டுச் சொல்வதுதான் விமர்சனம். ஒருத்தரும் படிக்கவில்லை.

2024 கோடையில் பெங்களூரில் தண்ணீர் இல்லாமல் தவித்தோமே, அப்போது எங்கள் குடியிருப்பில் டேங்கர் காசுக்குத் தினமும் சண்டை. வீட்டுக்கு எவ்வளவு என்று பிரிக்க ஒரு சின்ன புரோகிராம் எழுத உட்கார்ந்தேன். கூட்டத்தில் சொன்னபோது, "பூட்டிக் கிடக்குற வீட்டுக்கும் பங்கு போடுவியா தம்பி?" என்று கேட்டார் அவர். சண்டையின் மூல காரணமே அதுதான். அந்தக் கேள்வியைக் கமிட்டியில் வைத்துப் பேசி முடித்த பிறகுதான் சத்தம் அடங்கியது. கோட் யார் வேண்டுமானாலும் எழுதலாம். அந்தக் கேள்வி யாருக்குத் தோன்றும்?

இந்த ஊரில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி எந்தக் கம்பெனி, அடுத்தது எவ்வளவு பேக்கேஜ். லிஃப்டில் கேட்கிறார்கள், கல்யாண வீட்டில் கேட்கிறார்கள், டீக்கடையில்கூட. அதைக் கேட்காத ஒரே இடம் அந்தப் புல்வெளி. கணக்கு, கவிதை, வாடகை, பிள்ளைகள் படிப்பு, புது லைப்ரரி என்று வாய் ஓயாமல் நம் மொழியில் பேசலாம். வேலை போன மாதங்களில் நான் வெட்கப்படாமல் போய் உட்கார்ந்த இடமும் அதுதான். அங்கேயும் வந்து "என்ன யூஸ்?" என்று கேட்டால் நாங்கள் வேறு எங்கே போவது?

பெரியவர் நேற்றுக் குழுவிலிருந்து விலகிவிட்டார். ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நான் போன் செய்தேன். "வயசான காலத்துல இதெல்லாம் எனக்கு எதுக்குத் தம்பி" என்றார். ராத்திரி ரெண்டு மணிக்கு ஐகாரத்தைத் தேடிக்கொண்டிருந்த மனிதரை இப்படிச் சொல்ல வைத்தவர்கள் நீங்கள். வீடியோவை எடுங்கள். அவரிடம் நேரில் போய்ப் பேசுங்கள்.