"என்னை நோக்கி வா"

தலைமை பற்றிப் பேச வருகிறவர்கள் அந்தச் சீனக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. கி.மு. 207. சின் பேரரசின் படையோடு மோத ஆற்றைக் கடந்த தளபதி ஷியாங் யூ, கரையேறியதும், தாங்கள் வந்த படகுகளையே மூழ்கடித்தார். சோறாக்கும் பானைகளை உடைத்தார். கையிருப்பு 3 நாள் உணவு மட்டும். ஜூலூ போரில் ஜெயித்தும் விட்டார். ‘போ ஃபூ சென் ஜோ’, அதாவது பானையை உடை, படகை மூழ்கடி என்று அது நான்கெழுத்துச் சொலவடையாக நிலைத்துவிட்டது.

கதையை எல்லோரும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதுதான் ஆற்றாமை. கி.மு. 202-இல் அதே ஷியாங் யூ தோற்று, வூ ஆற்றங்கரையில் வந்து நின்றார். அக்கரை சேர்க்க ஒருவர் படகோடு காத்திருந்தார். இவர் ஏறவில்லை. தன்னோடு புறப்பட்டு வந்த 8000 இளைஞர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை, அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று கேட்டதாக வரலாற்றாசிரியர் சிமா சியான் எழுதியிருக்கிறார். அந்தக் கரையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார்.

அடுத்தவரின் படகை மூழ்கடிக்கும் துணிச்சலை நெருக்கடி காலத்துத் தலைமைக்கு இலக்கணமாகச் சொல்லிக்கொடுக்காதீர்கள். சீனர்களிடமே அதைவிட நல்ல சொல் இருக்கிறது. ‘ஜோங் லியூ தி ஜூ’: நட்டாற்றில் நிற்கும் தி ஜூ பாறை. நெருக்கடியில் அசையாமல் நிற்பவரை அப்படிச் சொல்வார்கள். பாறையும் நிஜம்தான். ஹெனான் மாகாணத்தின் சான்மென்ஷியாவில், இப்போதுள்ள அணைக்குச் சற்றுக் கீழே, மஞ்சள் ஆற்றின் நடுவில் நிற்கிறது.

அந்த இடம் ஒரு காலத்தில் படகுகளின் எமன். வெள்ளம் அடித்துக்கொண்டு போகும்போது எதிரே பாறை தெரிந்தால் யாருக்கும் கை தானாக விலகத்தான் திருப்பும். பழைய படகோட்டிகள் சொல்லிவைத்தது நேர்மாறு. விலகினால் சுழலில் மாட்டுவாய். பாறையை நோக்கியே நேராக விடு. மோதப்போகிறோம் என்று நெஞ்சு நிற்கும் நேரத்தில், பாறையில் பட்டுத் திரும்பும் தண்ணீரே படகைப் பக்கவாட்டில் தள்ளிக் காப்பாற்றிவிடுமாம். அதனால் பாறைக்கு இன்னொரு பெயர், ‘என்னை நோக்கி வா’.

இதைப் படித்ததும் ஊரடங்கு மாதங்களில் எங்களுக்கு மேலாளராக இருந்தவர்தான் நினைவுக்கு வந்தார். தினமும் காலை 10 மணிக்கு போன் செய்வார். வேலை நிலைக்குமா, சம்பளம் வருமா என்று அவருக்கும் தெரியாது. “இன்னைக்கும் தகவல் இல்லப்பா, நாளைக்குக் கூப்பிடுறேன்” என்று வைத்துவிடுவார். அப்புறம்தான் எனக்குத் தட்டில் இருக்கும் இட்லி தொண்டையில் இறங்கும்.