கையில கொடுங்கன்னு கேட்டது பிச்சை இல்லை

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். நேற்றிலிருந்து ஒன்பது பேர் அனுப்பிவிட்டீர்கள். ஓட்டலில் பரிமாறும் அந்தப் பையன் வாடிக்கையாளரிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "டிப்ஸை கார்டுல போடாதீங்க சார், கையில கொடுத்துடுங்க." இதற்குப் பிச்சைக்காரன் என்று பட்டம். இப்போது வேலையும் போய்விட்டதாம்.

ஏன் அப்படிக் கேட்டான் என்று யோசித்தீர்களா? கார்டில் போடும் டிப்ஸ் நிர்வாகத்தின் கணக்குக்குப் போகிறது. அதில் எவ்வளவு தன் கைக்கு வரும், எப்போது வரும் என்று அவனுக்கே தெரியாது. அதனால் கேட்டான். அது பிச்சை இல்லை.

நானும் ஆறு வருஷம் தட்டு தூக்கியவன். பில் வைக்கும் கறுப்பு அட்டையை நாங்கள் திறக்கக் கூடாது, மூடியபடியே கேப்டனிடம், அதாவது எங்கள் மேற்பார்வையாளரிடம், கொடுக்க வேண்டும். தூக்கும்போதே விரலுக்குத் தெரியும், உள்ளே நோட்டா சில்லறையா என்று. மாதக் கடைசியில் டிப்ஸ் பெட்டியில் சேர்ந்ததைப் பிரிப்பார்கள், உடைந்த கிளாஸுக்குக் கழித்தது போக. உடைத்தவன் யாரென்று தெரியாவிட்டால் எல்லோருக்கும் கழிவு. ஒருநாள் ஒரு பெரியவர் எழுந்து வந்து என் சட்டைப்பையில் பணத்தை வைத்து, "இது உனக்குப்பா, பெட்டிக்கு இல்ல" என்றார். கேமராவில் பார்த்துவிட்டு ராத்திரி கூப்பிட்டார்கள். எல்லோர் முன்னாலும் பையை வெளியே இழுத்துக் காட்டினேன். வீட்டில்கூட இதை இதுவரை சொன்னதில்லை.

"அதான் சம்பளம் வாங்குறான்ல?" என்று கேட்பீர்கள். வேலைக்குச் சேரும்போது எங்களிடம் சொன்னதே "சம்பளம் இவ்வளவுதான், மேல டிப்ஸ் வரும்" என்பதுதான். முதலாளி தர வேண்டியதை வாடிக்கையாளர் தலையில் கட்டிவிட்டு, அந்த டிப்ஸையும் முதலாளியே வாங்கிக்கொண்டால் எப்படி? டிப்ஸ் வந்தாலும் வராவிட்டாலும் அடிப்படைச் சம்பளத்தை ஒழுங்காகக் கொடுக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1991லேயே 172ஆம் உடன்படிக்கையில் எழுதிவிட்டது. ஓட்டல் வேலையைக் காசுக்கு விற்பதும் வாங்குவதும் கூடாது என்றும் அதில் இருக்கிறது. பெரும்பாலான நாடுகள் இன்றுவரை அதை ஏற்கவில்லை. அமெரிக்காவில் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகத் தர வேண்டிய மத்தியச் சட்டக் குறைந்தபட்சம் மணிக்கு 2.13 டாலர். அதுவும் 1991லிருந்து மாறவில்லை, பல மாநிலங்கள் தாங்களாகக் கூட்டியதோடு சரி. பிரிட்டனில் டிப்ஸ் முழுக்க ஊழியருக்கே போக வேண்டும் என்ற சட்டம் 2024 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. முதலாளிகள் நியாயமாகக் கொடுத்துக்கொண்டிருந்தால் இதற்கெல்லாம் சட்டம் எதற்கு?

"சின்ன முதலாளிக்கும் கஷ்டம்தானே?" வாடகை, ஆன்லைன் கமிஷன் எல்லாம் எனக்கும் தெரியும். அந்தக் கஷ்டத்தை ஏன் மேசை துடைப்பவன் சுமக்க வேண்டும்?

டிப்ஸை விடுங்கள். பிரேக் ஷிஃப்ட் என்றால் என்னவென்று தெரியுமா? மதியக் கூட்டம் முடிந்ததும் மூன்று மணி நேரம் வெளியே போகச் சொல்வார்கள், அதற்குச் சம்பளம் கிடையாது. வீட்டுக்குப் போய்வர நேரம் பத்தாது. அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு ஸ்டோர் வாசலில் படுப்போம். எழுந்து முகம் கழுவி, சிரித்த முகமாக அடுத்த மேசைக்கு வர வேண்டும். வீடியோவில் அந்தப் பையனும் சிரித்துக்கொண்டுதான் கேட்டான், பார்த்தீர்களா?

அவன் இருக்கும் இடம் தெரிந்தவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். பிரேக் ஷிஃப்ட் இல்லாத ஒரு இடத்தில் ஆள் கேட்டார்கள், பேசி வைத்திருக்கிறேன்.