உயரம் மட்டும் போதாது

உயரமும் கை நீளமும் இருப்பதால் 2024 டிசம்பர் 21 அன்று ஒலெக்சாண்டர் உசிக்குடன் நடக்கும் குத்துச்சண்டை மறுபோட்டியில் டைசன் ஃபியூரிதான் ஜெயிப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, 6 அடி 9 அங்குலம், உசிக்கைவிட அரை அடி அதிகம், ஆனால் அதே உயரம் மே மாதம் ரியாத்தில் உசிக் புள்ளிகளில் ஜெயித்த முதல் போட்டியிலும் இருந்ததே! நடுச் சுற்றுகளில் ஃபியூரி கீழிருந்து வயிற்றில் இறக்கிய குத்துகள் உசிக்கை நிஜமாகவே திணறடித்தன, அதை மறுக்கவில்லை. அப்புறம் 9வது சுற்றைப் பாருங்கள். உசிக்கின் இடது கை முகத்தில் இறங்கியதும் ஃபியூரி தள்ளாடித் தள்ளாடிப் போய், கயிறு தாங்கியதால்தான் விழாமல் நின்றார், கீழே விழுந்தவருக்கு எண்ணுவதுபோல் நடுவர் எண்ணவே ஆரம்பித்துவிட்டார். உசிக் இடதுகைக்காரர், ஒரே இடத்தில் நிற்கவே மாட்டார். அந்தக் கால்களைத் துரத்திப் பிடிக்க கடைசி சுற்றுகளில் ஃபியூரிக்கு மூச்சு இருக்காது. இந்த முறையும் புள்ளிகளில் உசிக்தான், நாக்அவுட் எல்லாம் வராது.