ஆச்சிமார் பணமும் பின் நம்பரும்

எங்கள் பக்கத்து வயதான பெண்களின் பணம் இன்று அவர்கள் கையில் இல்லை. கணக்கு அவர்கள் பெயரில்தான் இருக்கிறது, பணமும் அதில்தான் வந்து விழுகிறது. ஆனால் பின் நம்பர் மகனுக்குத் தெரியும், பேரனுக்குத் தெரியும், சில வீடுகளில் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் தெரியும். எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் அந்த அம்மாவுக்கு மட்டும் தெரியாது. செட்டிநாட்டில் இப்படி நடக்கிறதே என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

நகரத்தார் வீடுகளில் பெண்ணுக்குக் கொடுத்த சீதனப் பணம் அவளுடையது. அதை வட்டிக்குப் போட்டு வளர்ப்பார்கள். ரங்கூனிலும் பினாங்கிலும் நடந்த செட்டியார் கடைகளுக்கு முதலாகச் சேர்ந்ததில் 'ஆச்சிமார் பணம்' என்றே ஒரு பகுதி இருந்தது. ஆண்கள் மூன்று வருஷக் கணக்கில் கொண்டு விற்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்க, போயிருந்த காலத்தில் இங்கே வரவு செலவை நடத்தியவர்கள் ஆச்சிமார்தான். மற்ற வீடுகளிலும் அரிசிப் பானைக்குள்ளோ மடியிலோ சிறுவாட்டுப் பணம் இருக்கும். எவ்வளவு என்று அவளுக்கும் அவள் கும்பிடும் சாமிக்கும்தான் தெரியும். கட்டிக்கொடுத்த மகளுக்கு ஒரு கஷ்டம் என்றால் யாரையும் கேட்காமல் கொடுக்க முடிந்தது அதனால்தான். அந்த ரகசியம் அவளுக்குப் பலம்.

காரைக்குடியில் ஜெராக்ஸ் எடுப்பதும் ஆன்லைன் வேலைகள் செய்து கொடுப்பதுமாக ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வரும் ஆச்சிமார் போனை நீட்டி, பின் நம்பரையும் சத்தமாகச் சொல்லி, "எவ்வளவு கெடக்குன்னு பாரு தம்பி" என்பார்கள். நாலு பேர் நிற்கும் இடம் அது. "ஆச்சி, நம்பரை வெளியே சொல்லாதீங்க, நீங்களே போடுங்க" என்று போனைத் திருப்பிக் கொடுத்தால், "கண்ணு தெரியலப்பா. உன்னை நம்பாம யாரை நம்பப் போறேன், நீயே போடு" என்று பதில் வரும். அப்படி ஒருவர் சொல்லும்போது எனக்குப் பெருமை வருவதில்லை, பயம்தான் வருகிறது. இத்தனைக்கும் அவர் வட்டிக் கணக்கை மனசிலேயே போட்டுப் பைசா பிசகாமல் சொல்லக் கூடியவர்.

மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. மாதம் ஆயிரம் ரூபாய், குடும்பத் தலைவியின் சொந்தக் கணக்கில் விழ வேண்டும் என்று யோசித்துச் செய்த ஏற்பாடு. ஆனால் பல வீடுகளில் கணக்கோடு இணைத்த நம்பர் மகனுடையது. பணம் வந்த குறுஞ்செய்தி அவனுக்குத்தான் போகிறது. "இந்த மாசம் வந்துருச்சா தம்பி" என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள்.

"பழகிக்கொள்ள வேண்டியதுதானே" என்று சொல்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். இதே ஆச்சிமார் சிங்கப்பூரில் இருக்கும் பேத்தியோடு தினமும் வீடியோவில் பேசுகிறார்கள். கற்றுக்கொள்ளத் தெரியாதவர்கள் இல்லை. விரல் நடுங்குகிறது, எழுத்து பொடியாக இருக்கிறது, ஒரு சுழியம் கூடிவிட்டால் போன பணம் வருமா என்ற பயம். போலீஸ் என்று சொல்லி வீடியோவில் வந்து மிரட்டிப் பணம் பிடுங்கும் கூட்டம் வேறு. இவ்வளவுக்கும் நடுவில் எதற்கு வம்பு என்று போனையே பிள்ளைகளிடம் கொடுத்துவிடுகிறார்கள்.

கென்யாவில் இதே கைப்பேசிப் பணம் பெண்களுக்கு வேறு கதையாக முடிந்திருக்கிறது. 2007-இல் எம்-பெசா அங்கே வந்தது. வங்கிக் கணக்கு வேண்டாம், இணையம் வேண்டாம், சாதாரண பட்டன் போன் போதும். தெருமுனைக் கடையில் ரொக்கத்தைக் கொடுத்தால் போனில் ஏறும், போனில் இருப்பதை அதே கடையில் ரொக்கமாக வாங்கிக்கொள்ளலாம். டாவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் என்ற இரு பொருளியலாளர்கள் பல ஆண்டுகள் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். சுமார் 1,94,000 குடும்பங்கள் இதனால் வறுமையிலிருந்து மேலே வந்தன என்பது அவர்கள் கணக்கு. பெண் தலைமை தாங்கும் குடும்பங்களுக்குத்தான் பலன் அதிகம். விவசாய வேலையை விட்டுச் சொந்தமாகச் சின்ன வியாபாரம் தொடங்கிய பெண்கள் மட்டுமே லட்சத்துக்கு மேல்.

அங்கே பெண் கைக்குப் பணத்தைக் கொண்டுவந்தது இங்கே வயதான பெண் கையிலிருந்து அதை எடுத்ததற்குக் காரணம் என்ன என்று நிறைய யோசித்தேன். அங்கே எளிய போனிலிருந்து ஆரம்பித்தார்கள், ரொக்கம் மாற்றும் கடையையும் கூடவே வளர்த்தார்கள். இங்கே 2016-இல் யுபிஐ வந்தது. சந்தையில் கீரை விற்கிறவர் முதல் கல்யாண மொய் எழுதும் மேசை வரை ஸ்கேன் அட்டை வந்துவிட்டது. அது பெரிய சாதனை, நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் எல்லாம் ஸ்மார்ட்போனை வைத்தே ஓடியது. பட்டன் போனிலும் இணையமில்லாமல் பணம் அனுப்பும் 123பே 2022 மார்ச்சிலேயே வந்துவிட்டது. என் கடைக்கு வரும் யாருக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

இதற்கிடையில் வங்கிகளில் பணம் எடுக்கும் கவுண்டர் சுருங்கிக்கொண்டே போகிறது. இங்கே ஒரு கிளையில் இரண்டாயிரம் எடுக்கப் போன அம்மாவிடம், "ஏடிஎம்ல எடுங்க, பேரனைக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பாஸ்புக்கில் பதிவு போட வெளியே ஒரு மெஷின் வைத்திருக்கிறார்கள், பாதி நாள் ஓடாது. அச்சடித்த அந்த வரியைப் பார்த்தால்தான் அவர்களுக்குத் தன் பணம் தன்னிடம் இருக்கிறது என்று மனசு நிற்கும். ரொக்கமே அபூர்வமாகிவிட்ட சுவீடன் நாட்டில் 2020-இல் இதற்குச் சட்டமே கொண்டுவந்தார்கள். பெரிய வங்கிகள் ரொக்கச் சேவையைக் கைவிடக் கூடாது, மிகச் சிலரைத் தவிர யாரும் பணம் எடுக்க 25 கிலோமீட்டருக்கு மேல் போகும்படி ஆகக் கூடாது. நம்மைவிட வெகுதூரம் முன்னால் போனவர்களே வயதானவர்களை நினைத்துத் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள்.

வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்று. 2024-இல் யுபிஐ சர்க்கிள் என்று ஒரு வசதி வந்தது. அப்பத்தாவின் கணக்கிலிருந்து நீங்கள் செலவு செய்ய வேண்டியிருந்தால், அவர் வைக்கும் வரம்புக்குள், மாதம் அதிகபட்சம் 15,000 ரூபாய் வரை செய்யலாம். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் அவர் சம்மதித்த பிறகே பணம் போகும்படி வைக்கலாம். அவர் பின் நம்பர் உங்களுக்குத் தேவையே இல்லை. உட்கார்ந்து பத்து நிமிஷம் செலவழித்து அதைப் போட்டுக் கொடுங்கள். உங்களுக்குத் தெரிந்த பழைய நம்பரை அவரையே மாற்றச் சொல்லுங்கள். குறுஞ்செய்தி அவர் போனுக்கே வரட்டும்.

மனு ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். முதியவர்கள் உட்கார்ந்து சின்னத் தொகை எடுக்க ஒரு கவுண்டர், பாஸ்புக்கை வாங்கிப் பதிவு போட்டுத் தர ஒரு ஆள். கேட்பது இவ்வளவுதான். மாவட்ட முன்னோடி வங்கி மேலாளருக்கு அனுப்புகிறோம், நகல் ஆட்சியருக்கு. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கண்டனூர், புதுவயல் பக்கம் இருப்பவர்கள் அம்மாவையோ அப்பத்தாவையோ கூட்டிக்கொண்டு கடைக்கு வாருங்கள். கையெழுத்தோ கைநாட்டோ அவர்கள்தான் போட வேண்டும். அவர்களுக்காக நீங்கள் போடாதீர்கள்.