"மேட்லேப்ல ஓடுச்சே"ன்னு இனி யாரும் சொல்லாதீங்க

போன்ல நாம பேசினது எதிரொலியாத் திரும்பி வராம கழிக்கிற புரோகிராம்தான் எக்கோ கேன்சலர். அதை மேட்லேப்ங்கற கணக்கு மென்பொருள்ல வெச்சு, வெள்ளை இரைச்சலைக் கொடுத்து, ஃப்ளோட்டிங் பாயின்ட்ல (தசமத் துல்லியத்தோட) பத்து செகண்ட் ஓட்டி, எரர், அதாவது கழிச்ச பிறகும் மிச்சமிருக்கிற எக்கோ, இறங்குற கிராஃபைக் காட்டி "எக்கோ கேன்சலர் ரெடி"ன்னு சொல்றாங்க. இதெல்லாம் ஒரு டெஸ்டா? பத்திக்கிட்டு வருது எனக்கு!

வெள்ளை இரைச்சல்ல எல்லா அதிர்வெண்ணும் இருக்கு, அதனால எக்கோவோட நகலை உருவாக்க கேன்சலர் தானே திருத்திக்கிற 128 எண்ணும் (கெழு) ஒழுங்கா உட்காரும். ஆனா போன்ல ஒருத்தர் 1-ஐ அமுக்கிப் பிடிச்சா வர்றது 697, 1209 ஹெர்ட்ஸ், ரெண்டே சுருதி. 128 பரிமாணத்துல அது தொடுறது நாலே நாலு திசை. மிச்ச 124 திசையில கெழு எங்கே ஓடினாலும் எரருக்குத் தெரியாது. எக்கோ கேன்சலருக்கான சர்வதேசத் தரமான ஜி.168-லயே இதுக்குத் தனி டெஸ்ட் இருக்கு, அதைக்கூட ஓட்டிப் பார்க்கலை.

அப்படிக் கெழுவை ஓட வைக்கிறதும் நம்ம புரோகிராம்தான். 16 பிட் முழு எண்ல, ஒவ்வொரு சாம்பிளுக்கும் கெழுவுல பண்ற திருத்தத்தை (அப்டேட்) ரைட் ஷிஃப்ட் பண்ணி, அதாவது 2-ன் அடுக்கால வகுத்து, மிச்சத்தைக் கீழ்ப்பக்கமா வெட்டுறோம். லேசான இரைச்சல் போதும்: பாசிட்டிவ் துணுக்கு 0 ஆகும், நெகட்டிவ் துணுக்கு −1 ஆகும். சராசரியா சாம்பிளுக்கு அரை எல்.எஸ்.பி. (கடைசி பிட்டோட மதிப்பு, அதாவது 1) கீழே. செகண்டுக்கு 8000 சாம்பிள். தடுக்க ஆள் இல்லாத திசையில பத்து செகண்டுக்குள்ள 16 பிட்டோட அடிமட்டமான −32768-ல போய் முட்டும். எல்லாக் கெழுவும் சேர்ந்தே இறங்குறதால அது டி.சி. (பூஜ்ய ஹெர்ட்ஸ்) பக்கம் போற நகர்வு, போன் குரல்ல 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருசா ஒண்ணும் இல்லாததால ஆரம்பத்துல யார் காதுக்கும் எட்டாது. முட்டினதுக்கு அப்புறம்தான் எக்கோ அலறும், ராத்திரி எனக்குப் போன் வரும்.

மருந்து என்னன்னு எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு அப்டேட்லயும் கெழுவை ஒரு துளி பூஜ்யத்துப் பக்கம் கசிய விடணும். விட்டேன். "எக்கோ அடக்கம் 2 டெசிபல் குறையுது, எடுத்துடு"ங்கறாங்க! குறையத்தான் செய்யும், அதுதான்யா அதுக்கு விலை!

சண்டை போட்டு உள்ளே வெச்சா, வேற ஒருத்தர் அதை 16 பிட்லயே எழுதி வெச்சிருக்கார்: கெழுவை 12 பிட் ஷிஃப்ட் பண்ணி (4096-ஆல வகுத்து) வர்றதை அதுலேருந்து கழி. 328-ஐ 12 பிட் தள்ளினா 0, கசிவே கிடையாது. −328-ஐத் தள்ளினா −1, தனியா விட்டா 41 மில்லி செகண்டுல காலி. அதாவது 4096-ஐவிடச் சின்னக் கெழுவுல நெகட்டிவ் மட்டும் கசியும், பாசிட்டிவ் ஆணி அடிச்ச மாதிரி நிக்கும். மூணு நாள் போச்சு எனக்கு இதைக் கண்டுபிடிக்க!

கெழுவை 32 பிட்ல வைங்க. வெட்டாம ரவுண்ட் பண்ணுங்க. ராத்திரி பூரா டோன் கொடுத்து ஓட விட்டுட்டு, காலையில கெழுக்களை பிரின்ட் எடுத்துக்கிட்டு வாங்க. அப்புறம் பேசலாம் ரெடியா இல்லையான்னு.